நாலு கட்டைக்குக் கீழே

கொட்வின் பிறந்தது 1973-இல், நைஜீரியாவின் பெனின் நகரில். குரல் பிறந்தது 1997-இல் என்று அவரே சொல்வார். நடுவழியில் பழுதாகி நின்ற பேருந்தையும், அதற்குள் மருமகனோடு மாட்டிக்கொண்ட ஒரு மாமியாரையும் பற்றி அவர் கட்டிப் பாடிய பாட்டு அந்த வருடம் ஒலிநாடாவாக வந்தது. பெனினிலிருந்து லாகோஸ் போகும் பேருந்துகளில் அதுதான் ஓடியது. வண்டி நிஜமாகவே பழுதாகி நின்றால் ஓட்டுநர்கள் அவசரமாகப் பாட்டை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தாவிட்டால் பயணிகள் எல்லாரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள்.

இன்று அவர் இருப்பது இத்தாலியின் பலெர்மோவில், அல்பெர்கேரியா வட்டாரத்தில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில். பகலில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்த ஓர் உணவகத்தில் மீன் பொரிக்கிறார். வார இறுதிகளில் தன் இசைக்குழுவை நடத்துகிறார். அந்தக் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவன் சாந்தன், கிளிநொச்சிக்காரன். கொட்வினின் தொண்டைக்கு நேர்ந்ததில் சாந்தனின் ஒரு விரலுக்கும் பங்குண்டு.

அவ்வளவு பேர் வாங்கிய பாடகர் எப்படி இங்கே வந்து மீன் பொரிக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. 2004-இல் ஐரோப்பாவில் இருக்கும் பெனின்காரர்களுக்காக ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடானது. டொரினோவில் ஒரு நிகழ்ச்சி, நாப்போலிக்குப் பக்கத்தில் ஒன்று, கடைசியாகப் பலெர்மோ. பலெர்மோ நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஏற்பாட்டாளரைக் காணவில்லை. திரும்பிப்போகும் டிக்கெட்டுகளையும் காணவில்லை. டிரம்ஸ்காரர் ஜெர்மனிக்குப் போனார், கிற்றார்காரர் ஸ்பெயினுக்கு. கொட்வின் தன் ஒலிவாங்கியோடு பல்லாரோவில் நின்றார். மீன்காரர்களும் காய்கறிக்காரர்களும் போட்டி போட்டுக் கூவிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் எல்லாரும் பாடுகிறார்கள், இன்னும் ஒருவனுக்கு இடம் இருக்கும் என்று நினைத்தாராம்.

பேர் அவரை விட்டுப் போகவில்லை. தொலைபேசி வழியாகத் தேடிக்கொண்டு வந்தது. மட்ரிட்டில் கடை திறக்கிறவர், ஹம்பர்க்கில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற தாய், பெனினிலேயே புது வீடு கட்டிக் குடிபுகுகிற சொந்தத் தமக்கை, எல்லாருக்கும் கொட்வினின் வாயால் தங்கள் பேர் வரவேண்டும். குழுவோடு பாடிப் பதிவுசெய்து அனுப்புவார். அதற்கு அவர் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறார். பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். முதல் தரம் பேசுவது போல. இரண்டாம் தரம் பாட்டின் உயரத்தில். மூன்றாம் தரம் அதற்கும் மேலே, தொண்டை எட்டும் கடைசிப் படியில். மூன்றாவது பேர் ஏறவில்லையென்றால் அந்த ஆளை வழியில் இறக்கிவிட்டு வந்ததாக அர்த்தம். அது அவருக்குக் களவுக்குச் சமம்.

சாந்தன் இந்தக் குழுவில் சேர்ந்து பத்து ஆண்டுக்கு மேலாகிறது. காலையில் மாடிக்கட்டடங்களின் படி கழுவுகிறான், மாலையில் வாசிக்கிறான். அவனும் கொட்வினும் பேசிக்கொள்வது சந்தை இத்தாலியனில். கீழே அது சாந்தன் திருப்பிச் சொன்ன தமிழில் இருக்கிறது. ‘தம்பி’ என்ற ஒரு சொல் மட்டும் கொட்வின் உண்மையாகவே தமிழில் சொல்வது. பதிலுக்குச் சாந்தன் அவரை ‘மயெஸ்த்ரோ’, அதாவது ஆசான், என்பான்.

சென்ற ஆண்டு சித்திரையில், சீசா என்ற பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணசேகரம் தன் மூத்த மகளின் சாமத்திய வீட்டுக்கு, பூப்பு நீராட்டு விழாவுக்கு, இந்தக் குழுவைப் பிடித்தார். “மேளச் சத்தம் கேக்கவேண்டிய இடத்திலை ஆபிரிக்கப் பாட்டோ?” என்று சொந்தக்காரர் சிலர் முகத்தைச் சுழித்தார்கள். கொட்வின் ‘குணசேகரம்’ என்று மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அந்த மனிதர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். பிறகு முகம் சுழித்த மாமன்மாரெல்லாம் தங்கள் பேரும் வேண்டும் என்று மேடைக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். இராஜதுரை என்பவர் இரண்டு தரம் நின்றார்.

குணசேகரம் வெள்ளிக்கிழமைகளில் பஜனை பாடுகிறவர். காது கூர்மையான மனிதர். “நாலு கட்டை, தம்பி! இந்த வயசிலை நாலு கட்டை!” என்று சாந்தனின் தோளில் தட்டினார். ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான் நம் ஆட்கள் சுருதியைச் சொல்வார்கள். நாலு கட்டை என்பது ஆண் குரலுக்கு நல்ல உயரம். அந்த நாளை குணசேகரம் தன் போனில் முழுதாகப் படம் பிடித்து வைத்திருந்தார்.

அடுத்த மாதம் ஒரு பெனின்காரரின் கல்யாணத்தில் மணமகனின் பேர் மூன்றாம் தரம் ஏறவில்லை. பாதி வழியில் பிளந்து விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கொட்வின் பாட்டை எப்படியோ முடித்துவிட்டு மண்டபத்தின் பின்படியில் போய் இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. தடிமன், வெறும் சளி என்றார்.

சாந்தன் வாசிக்கப் பழகிய இடத்தில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. கோயில் பஜனையிலோ கலியாண வீட்டுக் கச்சேரியிலோ பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால், வாசிக்கிறவன் கேட்காமலே சுருதியைக் கொஞ்சம் இறக்கிவிடுவான். சொல்லமாட்டான். சொன்னால் சபையில் பாடுகிறவருக்கு அவமானம். சுகமான பிறகு அவனே ஏற்றிவிடுவான். கீபோர்டில் இது இன்னும் சுலபம். அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தரம் அழுத்தினால் விரல்கள் பழைய கட்டைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் ஒரு படி கீழே வரும். அடுத்த நிகழ்ச்சியில் சாந்தன் அதை ஒரு தரம் அழுத்தினான். நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் நாலு கட்டை மூன்றானது.

கிற்றார் வாசிக்கும் யாவ் கானாக்காரர். முதல் வரியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இடைவேளையில் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே கேட்டார்: “எவ்வளவு காலத்துக்கு?”

“தடிமன் மாறுமட்டும்” என்றான் சாந்தன்.

தடிமன் மாறவில்லை. கார்த்திகையில் இரண்டரை. இந்த வருடம் தைப்பொங்கல் விழாவில் இரண்டு. கொட்வின் எப்போதும் கீபோர்டிலிருந்துதான் சுருதி எடுப்பார். அதனால் அவருக்குத் தெரியவில்லை. பாடுவது இலகுவாக இருப்பது மட்டும் தெரிந்தது.

“இண்டைக்குக் குரல் நல்லாய் ஏறுது, தம்பி. வயசு போகப் போகத்தான் எனக்கு ஏறுது. நீ என்ன சொல்லுறாய்?”

“ஓம், மயெஸ்த்ரோ.”

பேச்சிலும் கரகரப்பு வந்தது. பல்லாரோவில் குடியிருந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவர் சிரித்தார். இல்லாவிட்டால் பொரிக்கிற எண்ணெய்ப் புகை. ஆகஸ்ட் நடுவில் கடற்கரையில் ஒரு பெரிய நிகழ்ச்சி. அதற்கு மறுநாள் காலை அவரால் காற்றை மட்டுமே வெளியே விட முடிந்தது. இரண்டு வாரமாகியும் பேச்சு பாதிதான் திரும்பி வந்தது.

கொட்வினின் மனைவி எசோசா சந்தையின் ஓரத்தில் தலைமுடி பின்னும் கடை நடத்துகிறாள். அவள்தான் சாந்தனைக் கூடப் போகச் சொன்னாள். “தனிய விட்டால் டொக்டரின்ரை வாசலைத் தொட்டுப்போட்டுத் திரும்பி வந்திடுவார்.”

வட்டாரத்து டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. வெளியே காத்திருந்த கூட்டம் அவருடைய முகத்திலும் தெரிந்தது. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“எவ்வளவு நாளாய் இப்பிடி?”

“இரண்டு கிழமை. கடற்கரை நிகழ்ச்சிக்குப் பிறகு.”

“அதுக்கு முந்தி ஒண்டும் இல்லையோ? நல்லாய் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“ஒண்டும் இல்லை. இவ்வளவு வருசமாய் ஒரே சுருதியிலை பாடுறன். நம்பிக்கை இல்லாட்டி இவனைக் கேளுங்கோ. இவன்தான் எனக்கு வாசிக்கிறவன்.”

டொக்டர் சாந்தனைப் பார்த்தார். கொட்வினும் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். சாந்தன் தலையை ஆட்டினான்.

“சரி. மூண்டு கிழமைக்கு மேலை குரல் அடைச்சிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கமெரா விட்டுப் பாக்கச் சொல்லுவன். இது இரண்டு கிழமைதானே. ஆவி பிடியுங்கோ. பேசவேண்டாம். பாடவேண்டாம். குறையாட்டி அடுத்த மாதம் வாங்கோ.”

பேசாமல் இருக்கச் சொல்லப்பட்ட மனிதர் வீதி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். சாந்தனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். சாந்தனின் காதில் மூன்று கிழமை என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அவன் மறைத்து வைத்திருந்தது ஒன்றேகால் வருடம்.

அன்று மத்தியானம் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் மனைவி வதனி வேலை செய்யும் வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“இஞ்சருங்கோ, அந்தச் சோறு என்ன பாவம் செய்தது? டொக்டர் என்னவாம்?”

சொன்னான். பொத்தானையும் சொன்னான், தலையாட்டினதையும் சொன்னான். வதனி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுசி மூண்டு கிழமை எண்டு சொன்னவ. நீங்கள் ஒரு வருசத்துக்கு மேலை மூடிவைச்சதைத் தலையாட்டி இன்னும் இறுக்கி மூடிப்போட்டு வந்திருக்கிறீங்கள்.”

“அந்தாளுக்கு முன்னாலை எப்பிடியப்பா சொல்லுறது? உம்மடை குரல் போய்க் கனகாலம் எண்டோ?”

“அந்தாளுக்கு முன்னாலை சொல்லாட்டி ஆருக்கு முன்னாலை சொல்லுவீங்கள்? ஐயருக்கு முன்னாலையோ?”

“சும்மா தொண்டைப் புண்ணாயும் இருக்கலாம்.”

“இருக்கட்டும். கமெரா விட்டுப் பாத்துப்போட்டு அவையள் சொல்லட்டும், சும்மா எண்டு.” அவள் எழுந்தாள். “ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை சொல்லுங்கோ. இல்லாட்டி நான் எசோசாவிட்டைப் போறன்.”

ஞாயிற்றுக்கிழமை குணசேகரத்தின் இளைய மகளின் சாமத்திய வீடு. பாடவேண்டாம் என்று டொக்டர் சொன்னதை எசோசா எவ்வளவோ நினைவுபடுத்தினாள். வாக்குக் கொடுத்த பேர்களை விட்டுவிட்டு வீட்டில் இருந்து ஆவி பிடிக்க மாட்டேன் என்று கொட்வின் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பயிற்சிக்குச் சாந்தன் முன்கூட்டியே போனான். வாயைத் திறந்தான். “வானுக்குப் பெற்றோல் அடிக்கவேணும்” என்றான். சனிக்கிழமை கூப்பிட்டான். கொட்வின் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பின்னால் எண்ணெய் இரையும் சத்தம். “பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு மேடையில் கீபோர்டை இயக்கியபோது அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. சுருதியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். முதல் பாட்டிலேயே குரல் உடையும். பிறகு அவன் எதையும் சொல்லத் தேவையில்லை. விரலைக் கொண்டுபோனான். கொட்வின் மணவறையில் இருந்த சிறுமியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். சபை சிரித்தது. சாந்தன் விரலை எடுத்துக்கொண்டான். இரண்டு கட்டையிலேயே வாசித்தான்.

பேர்கள் ஏறின. மூன்றாவது தரம் ஒவ்வொரு பேரின் ஓரத்திலும் தகரம் உரசுவது போல ஒரு சத்தம் வந்தது. அது தனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று சாந்தன் யாவைத் திரும்பிப் பார்த்தான். யாவ் தன் கிற்றாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து ஆட்கள் கலைகிற நேரம் குணசேகரம் போனோடு வந்தார்.

“தம்பி சாந்தன், இஞ்சை வாரும் ஒருக்கா.”

“என்ன அண்ணை?”

“மூத்தவளுக்கு நாலு கட்டை. இளையவளுக்கு இரண்டு. என்ன காணும், இரண்டாவது பெட்டையெண்டால் விலைக்கழிவோ?”

பக்கத்தில் பலகாரம் கட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சிவபாக்கியம் நிமிர்ந்தாள். “விடுங்கோப்பா. பொடியன் களைச்சுப்போய் நிக்கிறான்.”

“நான் பகிடிக்குச் சொல்லேல்லை. கேளன்.” சென்ற வருடத்துப் பாட்டைப் போட்டார். பிறகு இன்றையதைப் போட்டார். பாட்டு ஒன்று, பேரும் ஒன்று. முதலாவதில் ‘குணசேகரம்’ கூரையில் போய் நின்றது. இரண்டாவதில் ஆள் உயரத்தில் நின்றது. “ஆளுக்கு என்ன, சுகமில்லையோ?”

கொட்வின் கையில் ஒரு தட்டு முறுக்கோடு சிரித்துக்கொண்டே வந்தார். “என்ன பாக்கிறீங்கள்? எனக்கும் காட்டுங்கோ.”

சாந்தன் போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். “பற்றரி முடிஞ்சுது, மயெஸ்த்ரோ.”

குணசேகரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். சாந்தனின் கை அப்படியே காற்றில் நின்றது. டொக்டரின் முன்னால் ஆட்டிய தலைதான் இப்போது கையாக வந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. தூரத்தில் வதனி கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீபோர்டின் மின்வயரை யாவ் கழற்றக் குனிந்தார். “கழட்டாதையுங்கோ” என்றான் சாந்தன். “மயெஸ்த்ரோ, இஞ்சை வாங்கோ. ஒரு வரி பாடுங்கோ.”

“இப்பவோ? வாயிலை முறுக்கு.”

“விழுங்கிப்போட்டுப் பாடுங்கோ.”

பக்கத்தில் இருந்த ஏற்றும் பொத்தானை மூன்று தரம் அழுத்தி, திரையில் தெரிந்த எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான். பேருந்துப் பாட்டின் ஆரம்பத்தை வாசித்தான். கொட்வின் கையைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டாகத் தன் பேரையே கூப்பிட்டார். முதல் தரம் வந்தது. இரண்டாம் தரம் நடுங்கியது. மூன்றாம் தரம் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இருமினார். தண்ணீர் குடித்தார். திரும்ப ஒரு தரம் முயன்றார்.

“கீபோர்ட் பிழை” என்றார்.

“இப்பதான் சரி.” சாந்தன் இறக்கும் பொத்தானை ஒவ்வொரு தரமாகத் திருப்பி அழுத்தினான். “இது போன வருசம் வைகாசி. இது கார்த்திகை. இது தை. அண்டையிலை இருந்து நீங்கள் இதிலைதான் பாடுறீங்கள்.”

சிவபாக்கியத்துக்கு இத்தாலியன் அரைகுறைதான். இருந்தாலும் பலகாரப் பெட்டியை மூடாமல் நின்றாள்.

கொட்வின் யாவைப் பார்த்தார். யாவ் கீழே பார்த்தார். பிறகு கொட்வின் கேட்டது தொண்டையைப் பற்றியல்ல.

“ஹம்பர்க் பிள்ளை?”

“ஓம்.”

“மட்ரிட் கடை? என்ரை தமக்கையின்ரை வீடு?”

“ஓம், மயெஸ்த்ரோ. எல்லாம்.”

“அவ்வளவு பேரையும் நான் கீழை விட்டிட்டு வந்திருக்கிறன்.” ஒரு கதிரையில் இருந்தார். பிறகுதான் மற்றது அவருக்கு எட்டியது. “டொக்டர் மூண்டு கிழமை எண்டு சொன்னவ.”

“ஓம்.”

“நீ தலையாட்டினாய்.”

கொட்வின் எழுந்து, தன் கையாலேயே வயரைப் பிடுங்கினார். குழு வந்த வானை விட்டுவிட்டு, நகரப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை சாந்தன் படி கழுவும் வேலைக்குப் போகவில்லை. டொக்டரின் வாசலில் போய் நின்றான். கொட்வின் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. போன் எடுக்கப்படவில்லை. கதவு திறந்தது, ஆட்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள். மூலையில் ஒரு தொப்பி தெரிந்தபோது அவன் படியிலிருந்து இறங்கி நின்றான். கொட்வினும் எசோசாவும். கொட்வின் அவனைக் கடந்து உள்ளே போய், திரும்பி, வா என்று தலையசைத்தார்.

டொக்டருக்கு முன்னால் கொட்வின் சொன்னது ஒன்றுதான்: “சொல்லு. இந்த முறை தலையை ஆட்டாதை. வாயாலை சொல்லு.”

சாந்தன் சொன்னான். எசோசா இடையில் சேர்த்தாள்: “இவருடைய குறட்டை மாறினதும் போன வருசம்தான். விசில் மாதிரி வரும். பாடுற ஆள்தானே எண்டு நான் சிரிச்சனான்.” டொக்டர் சிரிக்கவில்லை. அவசரம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் கமெரா போனது. திரையில் இரண்டு குரல் நாண்கள் தெரிந்தன. இடப்பக்கத்து நாணின் விளிம்பில் வெள்ளையாக ஒரு தடிப்பு. சிறு துண்டு வெட்டி எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை இருந்த நாட்களில் கொட்வின் நிஜமாகவே பேசவில்லை. உணவகத்தில் தட்டைத் தட்டிக் கூப்பிட்டார். பல்லாரோவின் மீன்காரர்கள் அவரைக் கண்டால் கூவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. எசோசா தன் சபையோடு உபவாசம் இருந்தாள். வதனி ஞாயிற்றுக்கிழமை செருப்பில்லாமல் மலையேறி ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போனாள். இந்த ஊர்த் தமிழர் சைவமோ கிறிஸ்தவமோ பார்க்காமல் போகிற கோயில் அது. என்ன நேர்ந்தாய் என்று சாந்தன் கேட்டான். “உங்களுக்கு வாய் குடுக்கச் சொல்லி” என்றாள்.

முடிவு சொன்ன நாளில் சாந்தனும் உள்ளே இருந்தான். புற்றுநோய்தான். ஒரு நாணில் மட்டும், பரவவில்லை. கதிர்வீச்சுக் கொடுத்தால் ஆளைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

“போன வருசமே வந்திருந்தால்?” என்று சாந்தன் கேட்டான்.

“அப்ப எப்பிடி இருந்தது எண்டு நான் பாக்கேல்லை. பாக்காததுக்கு என்னட்டைப் பதில் இல்லை.”

கொட்வின் பல நாட்களுக்குப் பிறகு வாயைத் திறந்தார். காற்றாகத்தான் வந்தது. “அவன்ரை கேள்வியை விடுங்கோ. மூண்டாவது பேர் ஏறுமோ?”

“பேச்சு வரும். பாட்டும் ஓரளவுக்கு வரலாம். அந்த உயரம் வருமோ வராதோ எண்டு இப்ப சொல்லேலாது. சிகிச்சை முடிஞ்சு சில மாதம் போகவேணும்.”

வெளியே வந்து மூவரும் பேருந்துக்கு நின்றார்கள். எசோசா கணவரின் கையைப் பிடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்கச் சாந்தன் தொடங்கினான். கொட்வின் கையை உயர்த்தி நிறுத்தினார்.

அடுத்த பயிற்சிக்கு அவர் முதல் ஆளாக வந்திருந்தார். பாடவில்லை. கீபோர்டை இயக்கச் சொன்னார், திரையில் பூச்சியம் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து கறுப்பு ஒட்டுநாடாவை எடுத்து, அந்தப் பொத்தானின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். யாவின் கிற்றார்க் கம்பிகளைத் தானே முறுக்கி ஏற்றினார். நாலு கட்டையில் பேருந்துப் பாட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு, சுவரோடு சாய்ந்து இருந்து கேட்டார். பேர் வரவேண்டிய இடங்களில் ஒருவரும் பாடவில்லை. அந்த இடங்களில் அவர் விரலை உயர்த்தினார்: ஒன்று, இரண்டு, மூன்று.

ஹம்பர்க்கிலிருந்தும் மட்ரிட்டிலிருந்தும் வரும் அழைப்புகளை இப்போது எசோசா எடுக்கிறாள். கீழே விட்ட பேர்களைத் திரும்பப் பாடித்தருவதாகவும், எப்போது என்று சொல்ல முடியாது என்றும் சொல்கிறாள்.

கதிர்வீச்சு வரும் திங்கட்கிழமை காலை தொடங்குகிறது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு மேல் போகும். சாந்தன் படி கழுவும் வேலையை மத்தியானத்துக்கு மாற்றியிருக்கிறான். கொட்வினை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வானை அவன்தான் ஓட்டப்போகிறான்.